குவெரி கடிதம்: இலக்கிய ஏஜென்ட்டுக்கு எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குவெரி கடிதம் என்பது என்ன?

புத்தகம் எழுதியவர், அதைப் பதிப்பகங்களிடம் விற்றுத்தர ஓர் ஏஜென்ட்டைத் தேடி அனுப்பும் ஒரு பக்கக் கடிதம். இப்போது பெரும்பாலும் மின்னஞ்சல்தான். இல்லையென்றால் ஏஜென்சியின் தளத்தில் நிரப்பும் படிவம். கடிதம் பிடித்தால் ஏஜென்ட் கையெழுத்துப் பிரதியைக் கேட்பார். அதுவும் பிடித்தால் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பதிப்பாசிரியர்களிடம் கொண்டுபோவார். அவருக்கு வருமானம் கமிஷன் மட்டுமே: உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளில் பெரும்பாலும் 20. (இந்தத் தொழிலின் முன்னோடியாகச் சொல்லப்படும் லண்டன் ஏஜென்ட் ஏ. பி. வாட் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாங்கியது 10 சதவீதம்தான்.)

இந்தக் கடிதத்தின் மேல் பலர் தாங்க முடியாத பாரத்தை ஏற்றுகிறார்கள். நாவலின் ஆழம், பல வருட உழைப்பு, சமூகத்துக்கு அது சொல்லவரும் செய்தி என்று எல்லாமே அந்த ஒரு பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று தவிக்கிறார்கள். கடிதத்துக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: படிப்பவரை நாவலின் முதல் பக்கத்துக்குப் போக வைப்பது. நீங்கள் நல்ல எழுத்தாளர் என்பதை அந்த முதல் பக்கம் நிரூபித்துக்கொள்ளட்டும்.

எல்லா எழுத்தாளருக்கும் ஏஜென்ட் தேவையா?

இல்லை. ஏஜென்ட் வழியாகப் போவது முக்கியமாக அமெரிக்க, பிரிட்டிஷ் ஆங்கிலப் பதிப்புலகத்தின் வழக்கம். அங்கே பெரிய பதிப்பகங்கள் ஏஜென்ட் இல்லாமல் வரும் பிரதிகளைப் பெரும்பாலும் வாங்கிப் பார்ப்பதில்லை. சிறு பதிப்பகங்கள் பலவும் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் எழுத்தாளரிடமிருந்து நேரடியாகவே வாங்கும். கவிதைத் தொகுப்புக்கு ஏஜென்ட் தேடுவது அநேகமாக வீண் அலைச்சல். கையில் சிறுகதைத் தொகுப்பு மட்டும் இருந்தாலும் கஷ்டம்தான். நாவல் ஏதும் எழுதுகிறீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். வேறு மொழியில் வெளிவந்த நாவலை ஆங்கிலத்தில் கொண்டுவர நினைப்பவர், மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் கடிதத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு, மொழிபெயர்த்த மாதிரிப் பக்கங்களை அனுப்ப வேண்டும்.

நாவலை முடிக்காமல் கடிதம் அனுப்பலாமா?

முதல் நாவல் என்றால் கூடாது. முடித்து, திருத்தி, இன்னொருவரைப் படிக்க வைத்து, மறுபடி திருத்திய பிறகே அனுப்ப வேண்டும். சில சமயம் கடிதம் போன அன்றைக்கே முழுப் பிரதியையும் அனுப்பச் சொல்லிவிடுவார்கள். "இன்னும் மூன்று மாதத்தில் முடித்துவிடுவேன்" என்று பதில் எழுதினால் அந்த ஆர்வம் அதோடு போயிற்று.

அபுனைவுக்கு, அதாவது கதையல்லாத நூல்களுக்கு, விதி வேறு. முழு நூலுக்குப் பதிலாக நூல் முன்மொழிவு ஒன்று கேட்பார்கள்: நூலின் மையக் கருத்து, யார் வாங்குவார்கள், ஏற்கெனவே சந்தையில் உள்ள நூல்கள் என்னென்ன, அத்தியாயச் சுருக்கங்கள், ஓரிரு மாதிரி அத்தியாயங்கள். தன்வரலாறு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதை நாவலைப் போல எழுத்துக்காகவே படிக்கிறார்கள் என்பதால் முழுதாக எழுதி வைத்திருப்பதே நல்லது.

என் நாவல் ரொம்ப நீளம். அது பிரச்சினையா?

இருக்கலாம். பெரியவர்களுக்கான பொது நாவல் 80,000 முதல் 1,00,000 சொற்களுக்குள் இருந்தால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். மிகைபுனைவும் (ஃபேண்டஸி) அறிவியல் புனைவும் 1,20,000 வரை போகலாம். பதின்பருவத்தினருக்கானது 50,000 முதல் 90,000. இரண்டு லட்சம் சொல் முதல் நாவலைப் பார்த்ததும் ஏஜென்ட்டின் மனதில் ஓடுவது காகிதச் செலவும், இவர் இன்னும் வெட்டிச் செதுக்கவில்லை என்ற சந்தேகமும்தான். சொல் எண்ணிக்கையை மறைக்கவும் முடியாது. கடிதத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கடிதத்தில் என்னென்ன, எந்த வரிசையில் இருக்க வேண்டும்?

மொத்தம் 250 முதல் 350 சொற்கள். ஏஜென்ட்டின் பெயரைச் சொல்லி வணக்கம். நாவலின் தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை, ஒப்பிடத்தக்க இரண்டு நூல்கள், இவை ஒரு பத்தியில். கதையைச் சொல்லும் இரண்டு அல்லது மூன்று பத்திகள். உங்களைப் பற்றி ஓரிரு வரி. நன்றி, பெயர், தொடர்பு விவரம்.

தலைப்பு, வகை வரும் பத்தியை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்று ஓயாமல் விவாதிக்கிறார்கள். எங்கே வைத்தாலும் குடி முழுகிவிடாது. ஏஜென்ட் குறிப்பிட்டுத் தேடுகிற வகையில் உங்கள் நாவல் இருந்தால் முதலில் சொல்லுங்கள். இல்லையென்றால் கதையோடு தொடங்குங்கள்.

கதையை எப்படிச் சொல்வது?

பெரும்பாலான கடிதங்கள் விழுவது இங்கேதான். யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, என்ன முடிவு எடுத்தாக வேண்டும், தவறினால் எதை இழப்பார் என்று சொன்னால் போதும். ஆனால் எல்லோரும் கருப்பொருளைச் சொல்கிறார்கள். ஒரு கற்பனை நாவலை எடுத்துக்கொள்வோம். தலைப்பு 'நாமினி'. இந்தப் பத்தியைப் பாருங்கள்:

"நம்பிக்கை, துரோகம், காலம் ஆகியவற்றினூடே ஒரு பெண் தன்னைத்தானே கண்டடையும் பயணமே 'நாமினி'. கலைவாணியின் வாழ்க்கை ஒரே நாளில் தலைகீழாகிறது. கடந்த காலத்தின் ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளிவர, அவள் உண்மை என்று நம்பிய அனைத்தும் கேள்விக்குள்ளாகின்றன. உறவுகளின் மறுபக்கத்தைக் காட்டும் இந்த நாவல் வாசகர் மனதை உலுக்கும்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தலைப்பையும் பெயரையும் மாற்றினால் வேறு ஐம்பது நாவல்களுக்கும் அப்படியே பொருந்தும். என்ன ரகசியம்? எது தலைகீழாக்கியது? மனதை உலுக்குமா உலுக்காதா என்பதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஆள். அதே நாவலை இப்படிச் சொல்லலாம்:

"வங்கியின் லாக்கர் பிரிவில் இருக்கும் கலைவாணிக்கு அன்றைய வேலை வழக்கமானதுதான்: இறந்துபோன ஒரு வாடிக்கையாளரின் லாக்கரை நாமினியின் முன்னிலையில் திறந்து, உள்ளே இருப்பவற்றைப் பட்டியல் எடுக்க வேண்டும். நகைப் பெட்டிக்கு அடியில் ஒரு புகைப்படம் கிடக்கிறது. படத்தில் இருப்பவர் அவளுடைய கணவர். படகு கவிழ்ந்து அவர் இறந்துபோய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. படத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் தேதி போன வருடத்தியது.

அவர் உயிரோடு இருந்தால், மகளைப் படிக்கவைத்த இன்சூரன்ஸ் பணம் மோசடிப் பணமாகிவிடும். சாட்சிகள் நகையை எடை பார்த்துக்கொண்டிருக்கும்போது கலைவாணி படத்தைத் தன் கைப்பைக்குள் நழுவ விடுகிறாள். மறுநாள் நாமினி திரும்பி வருகிறான். உள்ளே ஒரு படம் இருந்திருக்க வேண்டுமே என்கிறான். உண்மையைச் சொன்னால் அவளுடைய வேலை போகும், ஜெயிலுக்கும் போக நேரலாம். சொல்லாவிட்டால், கணவர் இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆளை அவள் இழப்பாள்."

துரோகம், ரகசியம், பயணம் என்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை. அந்த வேலையைப் படத்தின் ஓரத்தில் இருக்கும் தேதி செய்துவிடுகிறது. பெயர் சொல்லப்பட்ட பாத்திரம் ஒருத்திதான். மகளுக்கும் நாமினிக்கும் நாவலில் பெயர் இருக்கும், ஆனால் கடிதத்தில் மூன்று பெயருக்கு மேல் போனால் படிப்பவருக்கு யார் எவர் என்று குழம்பும். கதையின் கால்பங்கு வரைதான் சொல்லியிருக்கிறோம். அதோடு, கலைவாணிக்கு எதுவும் 'நடப்பதோடு' விட்டுவிடாமல் அவளே ஒரு காரியம் செய்கிறாள், அதுவும் தப்பான காரியம். நாயகிக்கு எல்லாம் நேர்ந்துகொண்டே இருந்து அவள் ஒன்றுமே செய்யாத கடிதத்தைப் படித்தால் நாவலும் அப்படித்தான் இருக்கும் என்று ஏஜென்ட் நினைப்பார். பல நேரங்களில் அந்த நினைப்பு சரியாகவும் இருக்கும்.

என் நாவலில் நான்கு பேரின் கோணம் மாறி மாறி வருகிறது. யாரைச் சொல்ல?

யாருக்கு இழப்பு அதிகமோ அவரை. மற்ற மூவரையும் 'நான்கு குரல்களில் விரியும் நாவல்' என்று ஒரு வரியில் தலைப்புப் பத்தியில் சொல்லிவிடலாம்.

முடிவைச் சொல்ல வேண்டுமா?

குவெரி கடிதத்தில் வேண்டாம். கதைச்சுருக்கத்தில் கட்டாயம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கதைச்சுருக்கம் தனி ஆவணம்: ஒன்றிரண்டு பக்கம், நிகழ்காலத்தில், படர்க்கையில், கொலைகாரன் யார் என்பது உட்பட எல்லாத் திருப்பமும் அதில் இருக்கும். கதை கடைசிவரை தாங்குகிறதா என்று பார்க்கத்தான் அதைக் கேட்கிறார்கள். "முடிவை அறிய நாவலைப் படியுங்கள்" என்று அதில் எழுதுவது எரிச்சலைத்தான் தரும்.

ஒப்பீட்டு நூல்கள் எதற்கு? என் நாவலைப் போல் வேறு ஒன்று இல்லையே?

அப்படி எழுதினால், 'இவர் தன் வகையில் எதையும் படிப்பதில்லை' என்று வாசிக்கப்படும். உங்கள் நாவல் எந்த அலமாரியில் நிற்கும், அதை எந்த வாசகர் எடுப்பார் என்று சொல்வதற்குத்தான் ஒப்பீடு. பின்னால் ஏஜென்ட் பதிப்பாசிரியரிடமும், பதிப்பாசிரியர் விற்பனைப் பிரிவிடமும் இதே ஒப்பீட்டைத்தான் சொல்லப்போகிறார்கள். இரண்டு நூல் போதும். கடந்த மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் வந்தவையாக இருக்கட்டும். உலகமே படித்த நூலைச் சொன்னால் தற்பெருமையாகப்படும். நூறு வருடம் முந்தைய செவ்வியல் நாவல் இன்றைய சந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது. எந்த விதத்தில் ஒப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஒன்றின் நகைச்சுவை, இன்னொன்றின் குடும்பச் சூழல் என்பது போல. ஒரு நூலோடு ஒரு படமோ தொடரோ சேர்க்கலாம். படம் மட்டும் என்றால் புத்தகம் படிக்காதவர் என்ற எண்ணம் வரும்.

இதுவரை எதுவும் வெளியானதில்லை. என்னைப் பற்றி என்ன எழுதுவது?

"இது என் முதல் நாவல்" என்ற ஒரு வரி போதும். மன்னிப்புத் தொனி வேண்டாம். ஏஜென்ட்டுகள் முதல் நாவல்காரர்களைத் தேடித்தான் இன்பாக்ஸைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கதைக்கும் உங்கள் வாழ்க்கைக்கும் தொடர்பு இருந்தால் அதைச் சொல்லுங்கள். 'நாமினி'யை எழுதியவர் வங்கியில் வேலை பார்த்தவர் என்றால் அது தங்கமான வரி. சிறுகதைகள் இதழ்களில் வந்திருந்தால் இரண்டு மூன்றைக் குறிப்பிடலாம். படித்தவர்கள் அழுதார்கள், நண்பர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், சின்ன வயதிலிருந்தே எழுத்தாளராக ஆசை என்பவை எல்லாம் வேண்டாம். அபுனைவில் மட்டும் இந்தப் பகுதி நீளும், ஏனென்றால் 'இதை எழுத நீங்கள் யார்' என்பதுதான் அங்கே பாதிக் கேள்வி.

யாருக்கு அனுப்புவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குப் பிடித்த வழி செலவில்லாதது: உங்கள் நாவலைப் போன்ற சமீபத்திய நூல்களின் நன்றியுரைப் பக்கத்தைப் பாருங்கள். எழுத்தாளர் தன் ஏஜென்ட்டுக்கு அங்கே பெயர் சொல்லி நன்றி சொல்லியிருப்பார். ஒப்பீட்டு நூல் தேடும் வேலையும் இதிலேயே முடிந்துவிடும். அடுத்து, ஏஜென்ட்டுகள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிவைக்கும் மேனுஸ்கிரிப்ட் விஷ் லிஸ்ட் என்ற தளம். அனுப்பியவற்றைக் கணக்கு வைத்துக்கொள்ளவும், யார் எவ்வளவு நாளில் பதில் போடுகிறார்கள் என்று பார்க்கவும் குவெரி டிராக்கர் என்ற தளம். யார் எந்த நூலை எந்தப் பதிப்பகத்துக்கு விற்றார்கள் என்று காட்டும், சந்தா கட்டிப் பார்க்க வேண்டிய பப்ளிஷர்ஸ் மார்க்கெட்பிளேஸ். இவற்றில் எதைப் பார்த்தாலும், கடைசியில் ஏஜென்சியின் சொந்தத் தளத்துக்குப் போய், அந்த ஏஜென்ட் இப்போது பிரதிகளை வாங்குகிறாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பல மாதங்கள் கதவை மூடி வைத்திருப்பது சகஜம்.

'உங்களுக்கு ஏன் அனுப்புகிறேன்' என்று ஒரு வரி எழுதுவது நல்லது, உண்மையாக ஒரு காரணம் இருந்தால். "உங்கள் மகத்தான பணியைக் கண்டு வியந்தேன்" என்பது காரணம் ஆகாது. பெயரின் எழுத்துகளை இரண்டு முறை சரிபாருங்கள். ஆணா பெண்ணா என்று ஊகித்து அழைப்பதைவிட முழுப்பெயரைப் போட்டு வணக்கம் சொல்வது பாதுகாப்பு.

ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அனுப்பலாம்?

பலருக்கு அனுப்புவது தப்பில்லை, அதுதான் நடைமுறை. ஆனால் ஒரே மின்னஞ்சலில் முப்பது முகவரிகளைப் போட்டு அனுப்பாதீர்கள். அதைப் படிக்காமலே அழிப்பார்கள். ஐந்து முதல் பத்து பேர் என்று தவணையாகப் போங்கள். ஒரு நாவலை ஒருவர் மறுத்துவிட்டால், பெரிய அளவில் மாற்றி எழுதினால் ஒழிய அதையே அவரிடம் மறுபடி காட்ட முடியாது. கடிதத்தில் குறை இருப்பது நூறு பேருக்கு அனுப்பிய பிறகு தெரிந்தால் பட்டியலே காலியாகியிருக்கும். முதல் தவணையில் ஒருவர்கூடப் பிரதி கேட்கவில்லை என்றால் கடிதத்தையோ முதல் பக்கங்களையோ சந்தேகப்படுங்கள். கேட்கிறார்கள், முழுதும் படித்துவிட்டு மறுக்கிறார்கள் என்றால் கடிதத்தை விட்டுவிட்டு நாவலைப் பாருங்கள்.

ஒரே ஏஜென்சியில் ஒரே சமயத்தில் இருவருக்கு அனுப்பாதீர்கள். சில ஏஜென்சிகளில் ஒருவர் மறுத்தால் எல்லோரும் மறுத்ததாகக் கணக்கு. சிலவற்றில் அடுத்தவரிடம் போகலாம். தளத்தில் எழுதியிருப்பார்கள்.

மின்னஞ்சலில் கவனிக்க வேண்டியவை?

தளத்தில் சொன்னபடி அனுப்புங்கள், அவ்வளவுதான். அமெரிக்க ஏஜென்சிகள் பலவும் இணைப்புக் கோப்பைத் திறப்பதில்லை. மாதிரிப் பக்கங்களைக் கடிதத்துக்குக் கீழேயே ஒட்டச் சொல்வார்கள். ஐந்து பக்கம் என்றால் ஐந்து, நடுவில் பிடித்த அத்தியாயம் கூடாது, முதல் பக்கத்திலிருந்துதான். பிரிட்டனில் வழக்கமாக ஒரு முகப்புக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் கேட்பார்கள். ஒட்டும்போது வடிவமைப்பு சிதறும். முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, போனில் திறந்து பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கலாமா?

சில ஏஜென்சிகள் அப்படி எழுதியவற்றை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. அந்த அறிவிப்பு இல்லாவிட்டாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே பார்த்த முதல் 'நாமினி' பத்தியைப் போன்ற, எந்த நாவலுக்கும் பொருந்தும் வழவழப்புதான் பெரும்பாலும் கிடைக்கும்.

பதிலே வரவில்லை. நினைவூட்டலாமா?

ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை பொறுப்பது சாதாரணம். 'இத்தனை வாரத்துக்குள் பதில் வரவில்லையென்றால் மறுப்பு என்று கொள்க' என்று சிலர் எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எதுவும் குறிப்பிடாதவர்களுக்கு மூன்று மாதம் கழித்து இரண்டு வரி எழுதலாம். போன் பண்ணாதீர்கள். மறுப்பு வந்தால் காரணம் கேட்டோ வாதாடியோ பதில் எழுதாதீர்கள்; "எனக்குப் பொருந்தவில்லை" என்று எல்லோருக்கும் போகும் அச்சுப் பதிலுக்குள் உட்பொருள் தேடுவதும் வீண். ஆனால் உங்கள் நாவலைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதி மறுத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். மாற்றி எழுதிக் காட்டச் சொன்னால் அது மறுப்பே அல்ல. அவசரப்பட்டு ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

படிக்கக் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஏஜென்ட் உங்கள் நூலை விற்றால் அதிலிருந்து கமிஷன் எடுப்பார். முன்பணம் கேட்பவர் உங்களிடமிருந்தே சம்பாதிக்கப் பார்க்கிறார். 'நூல் நன்றாக இருக்கிறது, இந்த எடிட்டரிடம் காசு கொடுத்துத் திருத்தி வாருங்கள்' என்பது அதன் இன்னொரு வடிவம். நீங்கள் கடிதமே போடாத ஏஜென்ட் தானாக எழுதிப் புகழ்ந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. உண்மையான ஏஜென்ட்டின் பெயரைத் திருடி எழுதும் மோசடிகள் உண்டு, ஆகவே மின்னஞ்சல் முகவரியின் பின்பகுதி ஏஜென்சியின் தளத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ரைட்டர் பிவேர் என்ற தளம் 1998 முதல் இதற்காகவே இயங்குகிறது. எந்தப் பெயரையும் அங்கே ஒருமுறை தேடிவிட்டு முடிவெடுங்கள்.

ஒருவர் ஏற்கத் தயார் என்கிறார். உடனே சரி சொல்லிவிடலாமா?

சந்தோஷத்தில் அப்படித்தான் தோன்றும். பேசிவிட்டு, இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். அது வழக்கம்தான், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிரதி கையில் வைத்திருக்கும் மற்ற ஏஜென்ட்டுகளுக்கும், இன்னும் பதில் சொல்லாதவர்களுக்கும் 'ஓர் ஏஜென்ட் என்னை ஏற்கத் தயார் என்கிறார், இந்தத் தேதிக்குள் உங்கள் முடிவைச் சொல்லுங்கள்' என்று எழுதுங்கள். மாதக்கணக்கில் மௌனமாக இருந்தவர்கள்கூட அன்றைக்கே படிக்க உட்காருவார்கள்.

பேசும்போது கேட்க வேண்டியவை: நாவலில் என்ன திருத்தம் எதிர்பார்க்கிறார், எந்தப் பதிப்பகங்களை மனதில் வைத்திருக்கிறார், இந்த நாவல் விற்காவிட்டால் அடுத்ததற்கும் கூட இருப்பாரா, ஒப்பந்தம் இந்த ஒரு நூலுக்கா எல்லாவற்றுக்குமா. அவருடைய எழுத்தாளர்கள் ஒருவரிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது விலகும் விதி: எத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்தால் இரு தரப்பும் பிரியலாம் என்று அதில் இருக்க வேண்டும். பிரிந்த பிறகும், அவர் ஏற்கெனவே விற்றுத்தந்த நூலின் வருமானத்தில் அவருடைய கமிஷன் போய்க்கொண்டுதான் இருக்கும்.